ஹேவர்டு மைதானம்

2022 ஜூலையில் நீரஜ் சோப்ரா 88.13 மீட்டர் ஈட்டி எறிந்து உலகத் தடகளப் போட்டியில் வெள்ளி வாங்கினாரே, அது நடந்த இடம் அமெரிக்காவில் யூஜின் என்ற ஊரிலுள்ள ஓரிகன் பல்கலைக்கழக மைதானம். பெயர் ஹேவர்டு ஃபீல்டு. யார் இந்த ஹேவர்டு என்று தேடிப் படித்தேன். கவர்னரும் இல்லை, கோடீஸ்வரரும் இல்லை. அங்கே 1904 முதல் 1947 வரை வேலை பார்த்த தடகளப் பயிற்சியாளர்.

1919-ல் கால்பந்துக்காக (அவர்கள் ஊர்க் கால்பந்து, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது) மைதானம் அமைத்தபோதே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். 1921-ல் ஓடுபாதை வந்தது. தன் பெயர் தாங்கிய மைதானத்திலேயே மனிதர் மேலும் 28 வருஷம் பையன்களைப் பழக்கிக்கொண்டிருந்தார்.

எனக்கு இது மிகவும் பிடித்துப்போனது. நான் உத்தியோகத்தில் இருந்தபோது, திறப்பு விழாக் கல்வெட்டுக்கான வாசகம் என் மேசை வழியாகத்தான் போகும். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் என்று வரிசை வைத்து எழுதுவோம். அந்தக் கட்டடத்தில் வேலை செய்யப்போகிறவன் பெயரை எந்தக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை. எங்கள் புதுச்சேரியில் துய்ப்ளே வீதி நேரு வீதியானது. கவர்னர் போனால் பிரதமர்; வாத்தியார் பெயருக்கு முறை வருவது அபூர்வம்.

ஹேவர்டுக்குப் பின் வந்த பயிற்சியாளர் பில் போவர்மன். அவரிடம் ஓடிய மாணவர் ஃபில் நைட். குருவும் சிஷ்யனும் சேர்ந்து 1964-ல் தொடங்கிய செருப்பு வியாபாரம்தான் பிறகு நைக்கி ஆனது. 2018-ல் பழைய மைதானத்தை இடித்து, பெரும்பாலும் நைட் கொடுத்த பணத்தில் புதிதாகக் கட்டி 2020-ல் முடித்தார்கள். அவ்வளவு பணம் கொடுத்தும் ஹேவர்டு பெயர் அப்படியே இருக்கிறது. நம்மூரில் டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர் அதன் மேல் உபயம் என்று எழுதிவைப்பார், வெளிச்சம் பாதிதான் வரும்!

ஆனால் இடித்ததில் 1925-ல் கட்டிய கிழக்குப் பக்கத்து மரப் பார்வையாளர் மேடையும் போய்விட்டது. ஹேவர்டு காலத்திலிருந்து நின்றது அது. ப்ரீஃபோன்டெய்ன் என்ற ஓட்டக்காரரை (1975-ல், 24 வயதில், கார் விபத்தில் போய்விட்டார்) ஊரே கத்தி உற்சாகப்படுத்தியது அங்கே உட்கார்ந்துதான். ஊர்க்காரர்கள் பலர் இடிக்க வேண்டாம் என்று கேட்டார்கள், நடக்கவில்லை. உலகப் போட்டிக்கு இடம் போதாது, பழசு தாங்காது என்பதெல்லாம் சரி. அந்த ஒரு மேடையைப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டு மற்றதை எப்படி வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம் என்பதுதான் என் கட்சி.