பேந்தர்ஸ் கப் அடிக்கட்டும், மதுரைக்கு என்ன கிடைக்கும்?

"மாப்ள, இந்த வருஷம் நம்ம பேந்தர்ஸ் தேறுமா?"

மெஸ்ஸில் தட்டோடு வரிசையில் நிற்கும்போது வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் கேட்கிற கேள்வி. 2016-இல் தொடங்கிய டி.என்.பி.எல்., கொரோனாவால் 2020-இல் மட்டும் நடக்கவில்லை. கணக்குப் போட்டால் இந்த 2026 பத்தாவது சீசன். முதல்ல கேள்விக்கு நேர்மையா ஒரு பதில் சொல்லிடுறேன். அப்புறம் நாம கேட்க மறந்த இன்னொரு கேள்விக்குப் போவோம்.

பழைய கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முதல் ரெண்டு சீசன் நம்ம டீமுக்கு மதுரை சூப்பர் ஜயன்ட் என்று பேர். பேரில் மட்டும்தான் ஜயன்ட். புள்ளிப் பட்டியலில் கீழே இருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும். 2018-இல் சீகம் மதுரை பேந்தர்ஸ் ஆனது, அந்த வருஷமே கப் வந்தது. சேப்பாக்கத்தில் ஃபைனல், எதிரே பக்கத்து ஊர் திண்டுக்கல் டிராகன்ஸ். அவங்க 117-க்கு ஆல் அவுட். நம்ம பக்கமும் சட்டுனு மூணு விக்கெட் போச்சு. அருண் கார்த்திக் நின்னு 75 அடிச்சு, அவுட் ஆகாமலே முடிச்சு வெச்சார். அதுக்கப்புறம் 2019, 2022, 2023-இல் பிளே-ஆஃப் வரை போனோம். 2021, 2024, 2025-இல் வெளியே. அதாவது பேந்தர்ஸ் ஆன பிறகு ஏழு சீசனில் நாலு முறை பிளே-ஆஃப், ஒரே ஒரு கப்.

இப்ப கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, மூணாவது செமஸ்டரில் அரியர் வெச்ச அதே பைனாமியல் டிஸ்ட்ரிபியூஷன்தான். லீக்கில் எட்டு டீம், ஒவ்வொரு டீமுக்கும் ஏழு மேட்ச். நாலு ஜெயிச்சா பிளே-ஆஃப்னு தோராயமா வெச்சுக்குவோம். நம்ம டீம் சராசரி டீம், எந்த மேட்ச்சிலும் ஜெயிக்க 50 சதவீத வாய்ப்பு என்றால், ஏழில் நாலாவது ஜெயிக்க வாய்ப்பு சரியாக 50 சதவீதம். டீம் நிஜமாகவே பலமானது, ஒவ்வொரு மேட்ச்சுக்கும் 60 சதவீதம் என்றால் அது 71 ஆகும். அதாவது நல்ல டீம் கூட பத்துக்கு மூணு சீசனில் லீக்கோடு வீட்டுக்குப் போகும். 40 சதவீத டீம், அதாவது சுமார் டீம், அதே பத்துக்கு மூணு சீசனில் உள்ளே வந்துவிடும்.

நம்ப முடியலைன்னா போன வருஷத்தையே பாருங்க. சேப்பாக் சூப்பர் கில்லீஸ் லீக்கில் ஏழுக்கு ஏழு ஜெயிச்சாங்க. பிளே-ஆஃபில் வரிசையா ரெண்டு தோல்வி, கதை முடிஞ்சது. கப் திருப்பூருக்குப் போனது. 2022-இல் ஃபைனலை மழை கெடுத்ததில் சேப்பாக்கும் கோவையும் கப்பைப் பங்கு போட்டுக்கிட்டாங்க.

ஆக, என் பதில்: பேந்தர்ஸ் பிளே-ஆஃப் போக ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதுக்கு மேல யாராவது அடிச்சுச் சொன்னா, அவங்க ஃபேன்டசி ஆப்பில் காசு போட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

சரி, கேட்க மறந்த கேள்விக்கு வருவோம். பேந்தர்ஸ் ஜெயிச்சா மதுரையில் கிரிக்கெட் ஆடுற ஒரு பையனுக்கு என்ன மாறும்?

2018 கப் ஜெயிச்ச டீமில் ஒரு ஸ்பின்னர் இருந்தார். ஆர்கிடெக்சர் படிச்சவர், கொஞ்ச நாள் அந்த வேலையும் பார்த்தவர், அப்புறம் எல்லாத்தையும் விட்டுட்டு திரும்ப பந்தை எடுத்தவர். வருண் சக்கரவர்த்தி. அந்த சீசன் முடிஞ்சு நாலு மாசத்தில் ஐ.பி.எல். ஏலத்தில் பஞ்சாப் அவரை 8.4 கோடிக்கு எடுத்தது. 2025-இல் இந்தியாவுக்கு சாம்பியன்ஸ் டிராஃபி ஜெயிச்ச டீமில் இருந்தார். மதுரை ஜெர்சி ஒருத்தரோட வாழ்க்கையையே மாத்தியிருக்கு. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனா வருண் சென்னையில் வளர்ந்து, சென்னை கிளப் கிரிக்கெட் வழியா வந்தவர். அதே ஜெர்சி, உசிலம்பட்டியில் இருந்தோ மேலூரில் இருந்தோ ஒருத்தரை அந்த உயரத்துக்குக் கொண்டு போயிருக்கா? யோசிச்சுப் பாருங்க, ஒரு பேர் சட்டுனு வாயில் வருதா?

திறமை இல்லையா என்றால், சும்மா சொல்லாதீங்க. மே மாசம் தண்ணி வற்றின கண்மாயைப் போய்ப் பாருங்க. வைகை ஆத்து மணலைப் பாருங்க. ஊருக்கு ஊர் ஃப்ளெக்ஸ் கட்டி, முதல் பரிசு, சுழற்கோப்பை, அன்பளிப்பு தந்தவர்கள் பேரோடு டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும். யார்க்கர் போடுற பசங்க எல்லா ஊரிலும் இருக்காங்க. அங்கிருந்து அடுத்த படி எங்கேன்னு கேட்டா, பதில் எப்பவும் ஒரே ஊர்: சென்னை. மாநிலத்தில் கண்ணுக்குப் படணும்னா சென்னை லீக்கில் ஒரு கிளப்புக்கு ஆடணும். அந்த லீக்கின் முதல் டிவிஷன் கேடயத்துக்குப் பேர் என்ன தெரியுமா? பாளையம்பட்டி ராஜா கேடயம். பாளையம்பட்டி நம்ம அருப்புக்கோட்டை பக்கம். பேர் இங்கே இருந்து போச்சு, ஆட்டம் அங்கேயே நின்னுடுச்சு.

என் கூட படிக்கிறவன் ஒருத்தன், லெஃப்ட் ஆர்ம் பவுலர். பள்ளியில் மாவட்ட டீம் வரை போனவன். "சென்னைக்கு வந்துடு, ரூம் எடுத்து ரெண்டு வருஷம் ஆடு, அப்புறம் பாக்கலாம்" என்று ஒரு கோச் சொல்லியிருக்கார். ரெண்டு வருஷ வாடகையும் சாப்பாடும் யார் தருவா? அவங்க அப்பா கூலி வேலை. கோச் சொன்னதும் தப்பில்லை, நிலைமை அப்படித்தான். இப்ப அவன் கையில் ஆஃபர் லெட்டர் இருக்கு, ஜூலையில் ஜாயினிங். "வேலை கிடைச்சுடுச்சுல்ல, அப்புறம் என்னடா?" என்று நான் கேட்டப்ப அவன் பதில் சொல்லலை. அன்னிக்கு சாயங்காலம் கிரவுண்டில் மூணு ஓவர் போட்டான், எங்களில் யாராலும் தொட முடியலை.

சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில் இருந்து நடராஜன் வந்தாரே என்று கேட்பீங்க. வந்தார். 2016 டி.என்.பி.எல்.-இல் திண்டுக்கல்லுக்கு ஆடினார், அடுத்த வருஷமே பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. ஆனா அவரும் அதுக்கு முன்னாடி சென்னைக்குப் போய் கிளப்பில் ஆட வேண்டியிருந்தது. கை கொடுக்க ஒரு அண்ணன் கிடைச்சார், பொழைச்சார். பின்னாடி தன் ஊரிலேயே கிரவுண்ட் கட்டி, 2023-இல் திறந்தும் வெச்சார். அப்படி ஒரு அண்ணன் கிடைக்காதவங்க எத்தனை பேர்?

இங்கிலாந்தில் 18 கவுண்டி டீம் இருக்கு. அதில் பெரும்பாலானவை உறுப்பினர்களுக்கே சொந்தம். ஊர்க்காரர் சந்தா கட்டுவார், ஓட்டுப் போடுவார், ஆட்டம் சரியில்லைன்னா கூட்டத்தில் எழுந்து திட்டுவார். அந்த ஊர்ப் பையனுக்கு வயசு வாரியா டீம், அகாடமி எல்லாம் உண்டு. நம்ம பேந்தர்ஸில் நமக்கு என்ன பங்கு? நத்தம் ரோட்டில் பறக்கும் பாலம் ஏறி, என்.பி.ஆர். காலேஜ் கிரவுண்ட் வரை போய்க் கத்திட்டு வர்றோம். மதுரை டீமைப் பார்க்க திண்டுக்கல் மாவட்டத்துக்குப் போகணும். இத்தனை வருஷமா அதைக் கூட நாம கேள்வி கேட்டதில்லை.

இப்ப கேட்க ஒரு காரணம் வந்திருக்கு. 2025 அக்டோபர் 9-ஆம் தேதி சிந்தாமணி ரிங் ரோட்டில் வேலம்மாள் ஸ்டேடியத்தை தோனி வந்து திறந்து வெச்சார். செல்ஃபி எடுத்தோம், ஸ்டேட்டஸ் போட்டோம். அதோட நின்னுடக் கூடாது. அதே வருஷக் கடைசியில் ரேஸ் கோர்ஸில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை மேட்ச்கள் நடந்தன. மதுரையால் நடத்த முடியுமா என்ற சந்தேகம் அன்னிக்கே தீர்ந்துடுச்சு.

அதனால நான் கேட்கிறது மூணே விஷயம். ஒண்ணு, பேந்தர்ஸோட ஹோம் மேட்ச் மதுரையில் நடக்கணும், மாணவர்களுக்குக் குறைஞ்ச விலை டிக்கெட்டோடு. ரெண்டு, சீசனுக்கு முன்னாடி டீம் நிர்வாகம் மதுரை, தேனி, விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் திறந்த தேர்வு நடத்தணும். கிடைக்கிற நாலு பேரை நெட் பவுலரா கூடவே வெச்சுக்கணும். ஆடாட்டியும் பரவாயில்லை, பக்கத்தில் இருந்து பார்ப்பான், நாலு பேர் கண்ணில் படுவான். மூணு, புது ஸ்டேடியத்தில் வருஷத்தில் சில நாள் மாவட்ட லீக்குக்கும் காலேஜ் டோர்னமென்ட்டுக்கும் இருக்கணும். டர்ஃப் விக்கெட்டில் ஒரு தடவை கூட ஆடாம மாநிலத் தேர்வுக்குப் போற பையன், பந்து எவ்வளவு எழும்பும்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள தேர்வே முடிஞ்சுடும்.

"பிரைவேட் டீம், லாபம் பார்க்கத்தான் செய்வாங்க" என்பீங்க. சரிதான். ஆனா அவங்க விற்கிறதில் பாதி 'மதுரை' என்கிற பேர். அந்தப் பேர் நம்மளோடது. பேரைக் கொடுத்தவங்க பதிலுக்கு ஏதாவது கேட்கலாம், தப்பில்லை.

அடுத்த முறை மெஸ் வரிசையில் யாராவது "பேந்தர்ஸ் தேறுமா?" என்று கேட்டா, பாதிக்குப் பாதின்னு சொல்லுங்க. அப்படியே, பதினொண்ணு பேரில் நம்ம ஊர்க்காரன் எத்தனை பேருன்னு திருப்பிக் கேளுங்க. நான் இந்த வருஷம் மேட்ச் எங்கே நடந்தாலும் போவேன். அந்த லெஃப்ட் ஆர்ம் பவுலரும் வர்றேன்னு சொல்லியிருக்கான், ஜாயினிங்குக்கு முன்னாடி நடந்தா.