வலிப்பு மாத்திரையின் பக்க விளைவுகள்: மறைக்காதீர், நிறுத்தாதீர்!

 

வலிப்பு நோய் என்பது மூளையின் நரம்பணுக்களில் திடீரென எழும் மின்னோட்டக் கோளாறு என்பதையும், முறையாக மாத்திரை உட்கொண்டால் நோயாளிகள் பத்துப் பேரில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்பதையும் சென்ற இதழில் கண்டோம். இம்மாதம் அந்த மாத்திரையைப் பற்றியே பேசவேண்டியுள்ளது. ஏனெனில், நோயைப் பற்றி வாய்திறக்கத் துணிந்துவிட்ட குடும்பங்கள்கூட, மாத்திரை தரும் தொல்லைகளைப் பற்றி இன்னும் வாய்திறப்பதில்லை.

வலிப்பு நின்று ஓராண்டு ஆகிறது. ஆனால் மகளுக்குத் தலைமுடி கொத்துக் கொத்தாய் உதிர்கிறது. மகன் வகுப்பறையில் தூங்கி வழிகிறான். வீட்டுக்காரருக்கு எடுத்ததற்கெல்லாம் கோபம் வருகிறது. இவற்றைச் சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வாரோ என்ற அச்சம். அத்துடன், "இதற்குப் போய் டாக்டரிடம் போவதா?" என்ற தயக்கம். விளைவு என்ன? மகள் மாத்திரையை உண்பதுபோல் காட்டித் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கிறாள். தாயே பரிவுகொண்டு ஒரு மாத்திரையை அரையாக உடைத்துக் கொடுக்கிறார். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், அந்த ஒரு வாரம் மாத்திரை அட்டையே அலமாரியின் மூலைக்குப் போய்விடுகிறது.

திடீரென நிறுத்தினால்...

வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. மருந்துக்குப் பழகிய மூளை, அது ஒரேயடியாய் விலகும்போது முன்னிலும் மூர்க்கமாய்ச் சீறுகிறது. ஒரு வலிப்பு ஓயுமுன் அடுத்தது, அது ஓயுமுன் அடுத்தது என அடுக்கடுக்காய் வரக்கூடும். ஐந்து நிமிடத்திற்கு மேல் வலிப்பு நிற்கவில்லை என்றாலோ, நடுவே நினைவு திரும்பாமல் மீண்டும் மீண்டும் வந்தாலோ அது உயிருக்கே உலை வைக்கும் நிலையாகும். உடனே 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

அப்படியானால் தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. 1912ஆம் ஆண்டு பீனோபார்பிடோன் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கியபோது, அதற்கு முன்னிருந்த புரோமைடு உப்பைத் தவிர மருத்துவர் கையில் வேறு நல்ல மருந்து இல்லை. 1938இல் ஃபெனிடாயின் வந்தது. 1960களில் கார்பமசெபினும் வால்ப்ரோயேட்டும் வந்தன. இன்றோ இருபதுக்கும் மேற்பட்ட மருந்துகள் உள்ளன. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றொன்றுக்கு மாற்ற வழியுண்டு. மாற்றாமலேயே நேரத்தையும் அளவையும் திருத்திச் சரிசெய்யவும் வழியுண்டு. ஆனால் தொல்லை இன்னதென்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அதைச் செய்ய முடியும்.

எந்த மாத்திரை, என்ன தொல்லை?

மருந்துச் சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு இப்பகுதியைப் படியுங்கள். இங்குக் கூறப்படும் எல்லாத் தொல்லைகளும் எல்லோருக்கும் வருவதில்லை. பலருக்கு எதுவுமே வருவதில்லை.

ஃபெனிடாயின்: பல் ஈறு தடித்து வளர்தல், முகத்திலும் கைகளிலும் முடி முளைத்தல் ஆகியவை இதன் நெடுநாள் விளைவுகள். ஈறு வளர்ச்சியைத் தடுக்க நாள்தோறும் இருமுறை பல் துலக்குவதும், ஆறு மாதத்திற்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்ப்பதும் பெரிதும் உதவும். ஒளுவின்போது மிஸ்வாக் செய்யும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எளிது. முகத்தில் முடி முளைப்பது இளம்பெண்களை மனமுடையச் செய்யும் என்பதால், அவர்களுக்கு வேறு மருந்து தருமாறு தயங்காமல் கேட்கலாம். மற்றொன்றையும் நினைவில் வையுங்கள். இம்மருந்தின் அளவைச் சற்றே கூட்டினாலும் இரத்தத்தில் அது வெகுவாக ஏறிவிடும். 300 மில்லிகிராமில் நன்றாயிருந்தவர், 400 ஆனதும் குடித்தவர்போல் தள்ளாடுவதுண்டு. நடையில் தடுமாற்றமோ நாக்குழறலோ கண்டால் இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

கார்பமசெபின்: தொடக்க வாரங்களில் தலைச்சுற்றலும் மயக்கமும் இருக்கும். சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாய்க் கூட்டினால் இவை குறையும். மாத்திரை உண்ட ஓரிரு மணி நேரத்தில் ஒன்று இரண்டாகத் தெரிகிறதென்றால், மருந்து இரத்தத்தில் ஒரேயடியாய் ஏறுகிறது என்று பொருள். மெல்ல மெல்லக் கரையும் மாத்திரைக்கு மாற்றினால் பெரும்பாலும் இது தீர்ந்துவிடும். வயது முதிர்ந்தவர்களுக்கு இரத்தத்தில் உப்புச்சத்து குறைந்து சோர்வும் குழப்பமும் வரலாம்.

வால்ப்ரோயேட்: உடல் பருத்தல், முடி உதிர்தல், கைநடுக்கம், பெண்களுக்கு மாதவிலக்கு முறைதவறுதல் ஆகியவை ஏற்படக்கூடும். உதிர்ந்த முடி பெரும்பாலோர்க்கு மீண்டும் வளர்ந்துவிடும். பசி கூடுவதே எடை ஏறக் காரணம். எனவே முதல் மாதத்திலிருந்தே எடையைக் குறித்து வருவதும், பிரியாணியையும் இனிப்பையும் அளவோடு நிறுத்துவதும் நல்லது. வயிற்றுப் புரட்டல் இருந்தால் உணவுக்குப் பின் உண்ணவேண்டும்.

பீனோபார்பிடோன்: விலை மலிவான பழைய மருந்து. பெரியவர்களுக்குத் தூக்கத்தைத் தரும். சில குழந்தைகளுக்கோ நேர்மாறாய்ப் படபடப்பையும் அடங்காத்தனத்தையும் தரும். "பையன் முன்பெல்லாம் இப்படி இல்லை, இப்போது ஓரிடத்தில் உட்காருவதில்லை" என்று ஆசிரியர் புகார் சொன்னால், பிள்ளையை அடிக்குமுன் மருந்துச் சீட்டைப் பாருங்கள்.

லெவெட்டிராசெட்டாம்: இன்று மிகுதியாக எழுதப்படும் மருந்து. மற்ற மருந்துகளோடு அதிகம் மோதாது என்பது இதன் சிறப்பு. ஆனால் சிலருக்கு எரிச்சல், கோபம், மனச்சோர்வு ஆகியவற்றைத் தரும். அமைதியான மருமகள் திடீரெனச் சிடுசிடுப்பது குணக்கேடாக இல்லாமல் மாத்திரையின் வேலையாக இருக்கலாம். வாழ்க்கையே வேண்டாம் என்ற பேச்சு எழுந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

எந்த மாத்திரையானாலும் ஆண்டுக்கணக்கில் உண்போர், குறிப்பாக ஃபெனிடாயின், பீனோபார்பிடோன், கார்பமசெபின் ஆகியவற்றை உண்போர், எலும்பைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டும். இவை உடலிலுள்ள வைட்டமின் 'டி' சத்தைக் குறைக்கின்றன. வெயில் படாமல் வீட்டினுள்ளேயே இருக்கும் நம் பெண்களுக்கு அச்சத்து ஏற்கெனவே குறைவு. மொட்டைமாடியிலோ முற்றத்திலோ நாள்தோறும் சிறிது நேரம் முகத்திலும் கைகளிலும் வெயில் பட நிற்பதும், வைட்டமின் 'டி', கால்சியம் மாத்திரைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பதும் அவசியம்.

உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்

மேற்கண்டவற்றில் பெரும்பாலானவை அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கலாம். பின்வருவன காத்திருக்கக் கூடாதவை. புதிய மாத்திரை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் உடலில் தடிப்பு, கொப்புளம், காய்ச்சல், வாயிலோ கண்ணிலோ புண் தோன்றினால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கார்பமசெபின், ஃபெனிடாயின், லாமோட்ரிஜின் ஆகியவை அரிதாகத் தோலை உரித்தெடுக்கும் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். கார்பமசெபினால் இது நேரும் வாய்ப்பு ஆசிய இனத்தவரில் சிலரிடம் காணப்படும் ஒரு மரபணுக் கூறால் மிகுகிறது. அதனை இரத்தச் சோதனையில் முன்கூட்டியே அறியலாம். வால்ப்ரோயேட் உண்ணும் குழந்தை ஓயாமல் வாந்தியெடுத்து, உணவை வெறுத்து, சோர்ந்து கிடந்தாலும், கண்கள் மஞ்சளித்தாலும் அது கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம், தாமதிக்காதீர்கள்.

மணமாகும் பெண்களின் பெற்றோருக்கு

நிக்காஹ்வுக்கு முன் மாத்திரையை மறைப்பதைவிட, நிக்காஹ்வுக்கு முன் மருத்துவரைப் பார்ப்பதே மகளுக்கு நீங்கள் தரும் பெரிய சீதனம். கர்ப்ப காலத்தில் வால்ப்ரோயேட் உண்ணும் தாய்மாரின் குழந்தைகள் நூறு பேரில் ஏறத்தாழ 10 பேருக்கு உறுப்புக் குறைபாடு ஏற்படுகிறது. 30 முதல் 40 பேர் வரை வளர்ச்சியிலும் கற்றலிலும் பின்தங்குகின்றனர். இதனால் பிரிட்டனில் 2018 முதல், தக்க கருத்தடைப் பாதுகாப்பு இல்லாமல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு இம்மருந்தைத் தருவது தடுக்கப்பட்டது. வேறு மருந்துக்கு மாற்றுவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். கருவுற்ற பின் கேட்டால் காலம் கடந்துவிடும். கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமில மாத்திரையும் உண்ணவேண்டும்.

ஏற்கெனவே கருவுற்றிருந்தால் அஞ்சி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பெரிய வலிப்பு தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தானது. அன்றே மருத்துவரைப் பாருங்கள். திருவனந்தபுரத்திலுள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தில் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பதிவேடு பேணப்பட்டு வருகிறது. தக்க மருந்தும் கண்காணிப்பும் இருந்தால், இந்நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தைகளையே பெறுகின்றனர். கருத்தடை மாத்திரை உண்போரும் கவனிக்க வேண்டும். ஃபெனிடாயின், கார்பமசெபின், பீனோபார்பிடோன் ஆகியவை அதன் ஆற்றலைக் குறைத்துவிடும்.

ரமளானில் என்ன செய்வது?

நோயாளிக்கு நோன்பிலிருந்து சலுகை உண்டு என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாக்குகின்றன. அச்சலுகையை ஏற்பது ஈமானின் குறைவாகாது. எனினும் நோன்பு நோற்க விழைவோர், ரமளானுக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடம் பேசவேண்டும். நம் பகுதியில் நோன்பு நேரம் ஏறக்குறைய 13, 14 மணி நேரம். இரு வேளை உண்ணும் மாத்திரையை ஸஹரிலும் இஃப்தாரிலுமாக அமைத்துக்கொள்ள சிலருக்கு இயலும். மூன்று வேளை மாத்திரையைத் தாமாகவே இரண்டாக்கினால், ஒரே வேளையில் அதிகமாய் ஏறி மயக்கமும் தள்ளாட்டமும் வரும். மாலைக்குள் மருந்து குறைந்து வலிப்பும் வரும். நீண்டநேரம் நின்று வேலை செய்யும் மாத்திரைக்கு முன்கூட்டியே மாற்றுவது இதற்கு ஒரு வழி.

பலரும் மறக்கும் மற்றொன்று தூக்கம். தராவீஹ் முடித்து நள்ளிரவில் படுத்து, ஸஹருக்கு எழுந்தால் தூக்கம் இரண்டாய் உடைகிறது. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் முதன்மைக் காரணங்களில் ஒன்று. ஆகவே பகலில் ஒரு தூக்கம் கட்டாயம் வேண்டும். அண்மையில் வலிப்பு வந்தவர்களும், பல மருந்துகள் உண்போரும், கர்ப்பிணிகளும் நோன்பை விட்டுவிடுவதே நலம். களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள்.

மருத்துவரிடம் சொல்லும் முறை

ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். தேதி, மாத்திரை உண்ட நேரம், வலிப்பு வந்ததா, தொல்லை என்ன, அது மாத்திரைக்குப் பின் எத்தனை மணி நேரத்தில் வந்தது என ஐந்து கட்டங்கள் போட்டு எழுதுங்கள். கடைசிக் கட்டத்தைக் கொண்டே மருத்துவர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் உண்ணுங்கள்; அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் இரட்டிப்பாய் உண்ணாதீர்கள். மருந்துக்கடையில் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்தால், மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். காப்ஸ்யூலின் உறை ஜெலட்டினால் ஆனது என்று மனம் உறுத்தினால், அதே மருந்து மாத்திரை வடிவில் கிடைக்குமா என்று கேளுங்கள். அதற்காக மருந்தையே விடாதீர்கள். காசநோய்க்கோ தொற்றுக்கோ வேறு மருந்து எழுதப்படும்போது, வலிப்பு மாத்திரை உண்பதை முதலில் சொல்லுங்கள். ஒன்றோடொன்று மோதி, ஒன்றின் அளவு ஏறவோ இறங்கவோ கூடும்.

வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளதை நாம் அறிவோம். பொறுமைக்குக் கிடைக்கும் உயர்வுக்கு எடுத்துக்காட்டாகவே அதனைப் பெரும்பாலும் நினைவுகூர்கிறோம். அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. அப்பெண்மணி தமது நோயை மட்டும் சொல்லவில்லை. அந்நேரத்தில் தம் ஆடை விலகிவிடுகிறதே என்ற நாணத்திற்குரிய சங்கடத்தையும் வெளிப்படையாய் எடுத்துரைத்தார். சொன்னதால் அந்தச் சங்கடம் நீங்க துஆவும் பெற்றார். மருத்துவம் செய்துகொள்ளுமாறு மக்களுக்கு ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம்.

எனவே, உங்கள் மகள் "உம்மா, இந்த மாத்திரை எனக்கு வேண்டாம்" என்று சொன்னால் அதட்டாதீர்கள். என்ன செய்கிறது என்று கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த வேளை மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, மருத்துவரிடம் செல்ல நாள் குறியுங்கள்.

வலிப்பு நோயுள்ள பிள்ளைகளின் பள்ளிப் படிப்பைப் பற்றி இன்ஷா அல்லாஹ் அடுத்த இதழில் காண்போம்.