மழைக்கால மலைப்பாதை



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையிலுள்ள நம் வாலிபர் பலர் நாகலாபுரம், தலக்கோனா மலைகளுக்குப் புறப்படுகிறார்கள். முன்பு சித்தூர் மாவட்டத்திலிருந்த இவை 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளன. 270 அடி உயரத் தலக்கோனா அருவி பொங்கி விழும் காலமும் இதுவே. பாதை வழுக்கும் காலமும் இதுவே.

2021 நவம்பர் பெருமழையில் அருகிலுள்ள திருமலையில் மண்ணும் பாறைகளும் சரிந்தன. சேதமடைந்த ஸ்ரீவாரி மெட்டு படிப்பாதை 2022 மே மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. கட்டிய படிகளுக்கே இந்நிலை என்றால், காட்டின் ஒற்றையடிப் பாதை எம்மாத்திரம்?

நீங்கள் நிற்குமிடத்தில் வெயில் அடிக்கலாம். மலையுச்சியில் பெய்த மழையோ ஓடை வழியே இறங்கி வந்துகொண்டிருக்கும். காலையில் முழங்காலளவாயிருந்த நீர் மாலையில் இடுப்பளவாகி வழிமறிக்கும். நீர் கலங்கிச் சருகுகள் மிதந்து வந்தால் உடனே கரையேறுங்கள். பாசி படிந்த பாறையில் ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதை மறவாதிருங்கள். வனத்துறை தடை செய்த நாளில் செல்லாதிருங்கள். எங்கிருந்தாலும் பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள்.

பாதிவழியில் திரும்பினவன் தோற்றவனல்லன். அருவி அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும். வீட்டிலோ ஒரு தாய் முழங்காலில் நின்று காத்திருக்கிறாள்.