மீட்டர் யார் பெயரில்?

கொல்கத்தாவில் வாடகை வீடு தேடும் ஆய்வு மாணவர்கள் வாடகையையும் முன்பணத்தையும் பேரம் பேசுகிறார்கள். மின்சாரத்தைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: யூனிட்டுக்கு எவ்வளவு? மீட்டர் யார் பெயரில் இருக்கிறது, மின்கட்டண ரசீது யார் கைக்கு வரும் என்று கேட்போர் குறைவு. கேட்காமல் விடுவதால் நேரும் இழப்பு சில நூறு ரூபாயோடு முடிவதில்லை.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். நகரின் பெரும்பகுதிக்கு மின்சாரம் வழங்குவது 1897இல் தொடங்கப்பட்ட சி.இ.எஸ்.சி. நிறுவனம். வீட்டு இணைப்புகளுக்கு அதன் கட்டணம் படிநிலை முறையில் அமைந்தது. பயன்பாடு கூடக் கூட, கூடுதல் யூனிட்டின் விலையும் ஏறும். ஜாதவ்பூரிலோ பராநகரிலோ ஒரே கட்டடத்தில் மூன்று குடித்தனங்கள் மாதம் தலா 100 யூனிட் செலவழிப்பதாக வைத்துக்கொள்வோம். தனித்தனி இணைப்பு இருந்தால் மூவரும் கீழ்ப்படிகளிலேயே நிற்பார்கள். ஒரே மீட்டரின் கீழ், துணை மீட்டர்கள் வழியாக வந்தால் மொத்தம் 300 யூனிட். கட்டணம் மேற்படிக்கு ஏறிவிடும். அந்த மேற்படி விலையையே எல்லா யூனிட்டுக்கும் வீட்டு உரிமையாளர் வசூலித்தால், அவர் கட்டணத்தைப் பங்கிடுபவர் அல்லர், மின்சாரத்தை விற்பவர். உரிமம் இன்றி மின்சாரத்தை விநியோகிப்பதையும் வணிகம் செய்வதையும் 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், 12ஆம் பிரிவில் தடுக்கிறது.

ஆயினும் பணம் இச்சிக்கலின் சிறு பகுதியே. மீட்டரைத் தம் வசம் வைத்திருப்பவர் குடியிருப்பவரை வெளியேற்ற நீதிமன்றம் போக வேண்டியதில்லை; ஃபியூஸைப் பிடுங்கினால் போதும். மேலும், மின்கட்டண ரசீது பல அலுவலகங்களில் முகவரிச் சான்றாக ஏற்கப்படுவது. மாதந்தோறும் கட்டணத்தை உரிமையாளர் கையில் ரொக்கமாகக் கொடுப்பவர், ஐந்தாண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தாலும் அதற்கான எழுத்துத் தடயம் ஏதுமின்றி வெளியேறுகிறார்.

உரிமையாளர்களின் அச்சத்துக்கும் வரலாறு உண்டு. 1920ஆம் ஆண்டின் கல்கத்தா வாடகைச் சட்டம் தொடங்கி, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, இந்நகரில் வாடகைதாரருக்கு வலுவான பாதுகாப்பு வளர்ந்தது. வடகொல்கத்தாவின் பழைய வீடுகள் பலவற்றில் வரும் வாடகை பழுதுபார்ப்புச் செலவுக்குக்கூடக் காணாது. காலிசெய்யும் வழக்குகளோ ஒரு தலைமுறையைத் தின்றன. பதினொரு மாத ஒப்பந்தமும், மீட்டரில் பிறர் பெயர் ஏறக்கூடாது என்ற பிடிவாதமும் அந்த அனுபவத்தின் விளைவுகள். முந்தைய நுகர்வோரின் மின்பாக்கியை அதே கட்டடத்தில் புதிய இணைப்புக் கேட்பவரிடம் கோர விதிகள் இடமளிக்கலாம் என 2023இல், கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில், உச்ச நீதிமன்றம் கூறியதும் அந்த அச்சத்தைக் கூட்டியிருக்கும்.

ஆனால் அச்சம் நியாயமானது என்பதால் அதற்குக் கையாளும் வழியும் நியாயமாகிவிடாது. மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரிமையாளரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் மின் இணைப்பு தரும் கடமையை விநியோக நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. "குடியிருப்பவர்" என்ற அந்தச் சொல் தற்செயலாக இடம்பெற்றதன்று. வீட்டு உரிமையாளர் தடையில்லாச் சான்று தரவில்லை என்பதற்காக வாடகைதாரருக்கு மின்சாரத்தை மறுக்க முடியாது என்றும், விண்ணப்பதாரர் அங்கே குடியிருக்கிறாரா என்பதை மட்டுமே நிறுவனம் பார்க்க வேண்டும் என்றும் 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மின் இணைப்பு பெறுவதால் வீட்டின் மீது சொத்துரிமை பிறப்பதுமில்லை. பாக்கி குறித்த அச்சத்துக்கு வாடகை முன்பணமே காப்பு. அது வாங்கப்படுவது இதற்காகவும்தான்.

இந்த உரிமைக்குக் கொல்கத்தாவில் தனி முக்கியத்துவம் உண்டு. மேற்கு வங்கத்தின் 1997ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், மாநகராட்சி எல்லைக்குள் மாதம் 6,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள குடியிருப்புகளுக்குப் பொருந்தாது. இன்றைய அடுக்குமாடி வாடகைகளை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்: பழைய சட்டத்தின் பாதுகாப்பு புதிய வாடகைதாரர்களில் பெரும்பாலோரை எட்டுவதே இல்லை. ஒப்பிட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இத்தகைய வாடகை உச்சவரம்பு ஏதுமின்றி, இன்றியமையாத சேவைகளைத் துண்டிப்பதை வெளிப்படையாகத் தடுக்கிறது.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் போதும்: மின்கட்டண ரசீதின் நகல் மாதந்தோறும் வாடகைதாரருக்குத் தரப்படும்; துணை மீட்டர் அளவு இருதரப்பு முன்னிலையில் குறிக்கப்படும்; கட்டணம் வாடகைதாரரின் வங்கிக் கணக்கிலிருந்து நேரே மின் நிறுவனத்துக்குச் செலுத்தப்படும். மூன்றாவது வரி, ரசீதில் பெயர் இல்லாதவருக்கும் ஒரு தடயத்தை உருவாக்கும். உரிமையாளர் இதில் இழப்பது ஒன்றுமில்லை. பாக்கி இருக்கிறதா என்பதையும் அவரால் உடனுக்குடன் பார்க்க முடியும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டு வாடகைப்படிக்காக ஒப்பந்த நகலையும் வாடகை ரசீதையும் கேட்டு வாங்கும் நிர்வாகங்கள், இந்த மூன்று வரிகளைக் கொண்ட மாதிரி ஒப்பந்தம் ஒன்றை மாணவர்களுக்கு வழங்கலாம். ஊருக்குப் புதியவராய், மொழி தெரியாதவராய், முதல் மாத உதவித்தொகைக்குக் காத்திருக்கும் ஒரு மாணவர் உரிமையாளரிடம் தனியே கேட்கத் தயங்குவதை, நிறுவனத்தின் பெயரால் கேட்பது எளிது.