எங்கள் ஆட்டோகிராஃப் எங்கே?

சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ 2004இல் வந்தது. கல்யாணப் பத்திரிகையோடு பழைய காதலிகளைத் தேடிப்போனவனுக்காகத் தமிழ்நாடே கண்கலங்கியது. அதே பத்திரிகையோடு ஒரு பெண் கிளம்பியிருந்தால்?

எனக்கும் ஒரு கதை உண்டு. காரைக்கால் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கிறார்கள். எனக்குப் பதினைந்து வயது. கூட்டத்தில் ஒருவன் என் கையில் பழத்தையும் கடிதத்தையும் திணித்துவிட்டு ஓடினான். கடிதத்தில் ஒன்பது பிழைகள். சிவப்பு மையால் திருத்தி, ‘மீண்டும் எழுதவும்’ என்று போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். சத்தியமாக, அதுதான் என் சம்மதம். அவனும் எழுதினான். இம்முறை பதினொரு பிழை.

அந்தக் கடிதம் அண்ணனிடம் சிக்கியது. அவனுக்கு இரண்டு அறை. எனக்கோ டியூஷன் நின்றது, சைக்கிள் போனது, ஜாதகம் வெளியே வந்தது. அம்மா குறுக்கே நிற்காவிட்டால் படிப்பும் போயிருக்கும். இன்று அவன் இதைச் சொல்லிச் சிரித்தால் அது மலரும் நினைவு. நான் சொன்னால் வாக்குமூலம்.

இதே ஊரில்தான் புனிதவதி ஒரு மாம்பழத்துக்காகக் கணவனுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பேயுருவைக் கேட்டு வாங்கிய பிறகே அவர் பாடினார் என்கிறது பெரியபுராணம். நாம் சிரிப்பதற்கும் பேயாக வேண்டுமா?

தோழிகளே, அசட்டுத்தனம் ஆண்களின் பரம்பரைச் சொத்தல்ல. நம்முடையதையும் வெட்கமில்லாமல் எழுதுவோம். என் மாணவியின் நோட்டுக்குள் ஒரு கடிதம் கிடைத்தால் நான் பெற்றோரை அழைக்க மாட்டேன். கேட்டால், பிழை மட்டும் திருத்தித் தருவேன்.