இறைச்சி அரைக்கும் மெஷின் வாங்கு முன்...



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது தவறாமல் வரும் கேள்வி ஒன்றுண்டு. "உழ்ஹிய்யா இறைச்சியை வீட்டிலேயே அரைத்து, பிள்ளைகள் ஆசைப்படும் சொசேஜையும் நாமே செய்து கொடுக்க நினைக்கிறோம். எந்த மெஷின் வாங்கலாம்?" என்பதே அது. இது சமையலறைக் கேள்விதானே என்று தள்ளிவிட முடியாது. அரைத்த இறைச்சியில் எது கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. கி.பி. 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளர்களுக்காக எழுதிய நூலில், 'நகானிக்' எனப்படும் சொசேஜ் செய்வோருக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியுள்ளார். அவர்களிடம் கலப்படம் மிகுதி. ஆகவே கண்காணிப்பாளரின் இருப்பிடத்துக்கு அருகிலேயே அவர்களை வைத்திருப்பது நல்லது என்பது அவரது கருத்து. வீட்டில் செய்யும்போது அந்தக் கண்காணிப்பாளர் நீங்களேதான்.

தேவை எவ்வளவு?

நோன்புக் கஞ்சிக்கும் கட்லட்டுக்கும் எப்போதாவது அரைக் கிலோ அரைப்பவர்களுக்கு மெஷினே வேண்டியதில்லை. கூரிய கத்தியும் பலகையும் போதும். மிக்ஸியில் போட்டால் இறைச்சி சூடேறிக் களியாகிவிடும். மாதத்தில் பல தடவை அரைப்பவர்களும், பெருநாளில் பத்துப் பதினைந்து கிலோவைக் கையாள்பவர்களும் மெஷின் வாங்குவதில் நியாயமிருக்கிறது. வீண் விரயமும் மார்க்கம் தடுத்த ஒன்றே.

கை மெஷின்

மேசை விளிம்பில் பூட்டிக் கையால் சுற்றும் மெஷின்களில் 5, 8, 10, 12, 22, 32 என எண்கள் பொறித்திருக்கும். எண் கூடக் கூட உள்ளே வைக்கும் துளைத்தட்டும் பெரிதாகும். குடும்பத் தேவைக்கு 8 அல்லது 10 போதுமானது. 22, 32 என்பன கடைகளுக்குரியவை. வாங்கும்போது மேசையில் பூட்டும் திருகு பலமானதா, உங்கள் மேசைப் பலகையின் தடிப்புக்குப் பொருந்துமா என்று பாருங்கள். 4 முதல் 5 மில்லிமீற்றர் துளையுள்ள தட்டு ஒன்றும், 8 மில்லிமீற்றர் துளையுள்ளது ஒன்றும் இருந்தால் எல்லா வேலைக்கும் ஆகும்.

ஈயம் பூசிய இரும்பு மெஷின் மலிவானது, உழைக்கும். ஆனால் கழுவியதும் துடைத்து உலர்த்தாவிட்டால் துருப்பிடிக்கும். அலுமினியம் கடுமையான சவர்க்காரத்தில் கறுத்துப் போகும். வசதியுள்ளவர்கள் துருப்பிடிக்காத எஃகையே தேர்ந்தெடுக்கலாம்.

மெஷின் இறைச்சியை வெட்டாமல் நசுக்குகிறது என்று குறைப்படுபவர்கள் கத்தியைக் கழற்றிப் பாருங்கள். அதன் தட்டையான, கூரான பக்கம் துளைத்தட்டை ஒட்டி இருக்க வேண்டும். பெரும்பாலும் அது திருப்பிப் பூட்டப்பட்டிருக்கும்.

மின்சார மெஷின்

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'ஆகக்கூடிய வாட்ஸ்' எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். தொடர்ந்து வேலை செய்யும் அளவு எவ்வளவு, எத்தனை நிமிடம் ஓடவிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பதைக் கேளுங்கள். நரம்பு சுற்றிக்கொண்டால் பின்னோக்கிச் சுழற்றும் சுவிட்ச் உதவும். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷின் 110-120 வோல்ட்டுக்குரியதாக இருந்தால் நம் நாட்டு 230 வோல்ட்டில் நேரடியாக இணைக்கக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். கை மெஷினுக்கு அந்தக் கவலை இல்லை.

எந்த மெஷினானாலும் விரலால் இறைச்சியைத் தள்ளாதீர்கள். அதற்குரிய கட்டையையே பயன்படுத்துங்கள். முந்தானையையும் முக்காட்டையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

சொசேஜ் திணிக்க

அரைக்கும் மெஷினிலேயே கத்தியைக் கழற்றிவிட்டுக் குழாய் பூட்டித் திணிக்கலாம். செலவு குறைவு, ஆனால் கலவை மீண்டும் கடையப்படுவதால் கொழுப்பு இளகிச் சொசேஜ் வறண்டு போகும். அடிக்கடி செய்வோருக்கு உருளைக்குள் கலவையை இட்டுப் பற்சக்கரத்தால் மேலிருந்து அழுத்தும் தனிக் கருவியே நல்லது. 2 முதல் 3 கிலோ கொள்ளும் அளவு வீட்டுக்குப் போதும்.

இனி உறை. இங்கேதான் மிகுந்த பேணுதல் வேண்டும். கடைகளில் 'இயற்கை உறை' என விற்கப்படுபவற்றில் பன்றிக் குடலும் உண்டு. 'கொலாஜன்' உறை மாட்டுத் தோலிலிருந்தும் வரும், பன்றியிலிருந்தும் வரும். மாட்டிலிருந்து வந்தது என்றாலும், முறைப்படி அறுக்கப்பட்டதா என்ற கேள்வி மிஞ்சும். ஹலால் உறுதி இல்லாத உறையை வாங்காதீர்கள். ஹலாலாக அறுத்த ஆட்டின் சிறுகுடலை அசுத்தம் நீங்க உள்ளும் புறமும் கழுவிப் பயன்படுத்தலாம். அதுவும் சிரமமென்றால் கலவையை வாழையிலையில் இறுகச் சுருட்டி ஆவியில் வேகவையுங்கள். உறையில்லாச் சொசேஜ் தயார்.

பழைய மெஷின் வாங்குவோருக்கு

ஹோட்டலிலிருந்தோ வெளிநாட்டு வீட்டிலிருந்தோ வந்த மெஷினில் முன்பு என்ன அரைத்தார்கள் என்று விசாரியுங்கள். பன்றி இறைச்சி அரைத்ததென்று தெரிந்தால், ஷாஃபிஈ மத்ஹபின்படி ஒட்டியிருப்பதை நீக்கி ஏழு தடவை கழுவ வேண்டும்; அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். அரைத்துத் தரும் கடைகளிலும் இந்த விசாரணை அவசியம்.

சுத்தமும் சூடும்

முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்ததும் அவை உள்ளெங்கும் கலந்துவிடுகின்றன. 1993இல் அமெரிக்காவில் சரியாக வேகாத அரைத்த மாட்டிறைச்சியால் 700க்கும் அதிகமானோர் நோயுற்றனர். 4 குழந்தைகள் மௌத்தானார்கள். ஆகவே அரைக்குமுன் இறைச்சியையும் மெஷினின் பாகங்களையும் அரை மணித்தியாலம் உறைபெட்டியில் குளிரவிடுங்கள். அரைத்ததை இரண்டு நாளுக்குள் சமையுங்கள், இல்லையேல் உறையவையுங்கள். உட்பகுதி 71 பாகை செல்சியஸ் வரை வேக வேண்டும், கோழியானால் 74. வீட்டுச் சொசேஜை வெளியில் தொங்கவிட்டு உலர்த்த வேண்டாம். வேலை முடிந்ததும் பாகங்களைக் கழற்றி, சவர்க்காரமிட்ட சுடுநீரில் கழுவி உலர்த்துங்கள்.

கடைசியாக ஒன்று. ஆண்டில் சில நாட்களே வேலை செய்யும் பொருள் இது. அண்டை வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். சொந்தமாக வாங்கியவர்கள், கேட்டு வருபவருக்கு இல்லையென்று சொல்லாதீர்கள். அற்பமான புழங்குபொருளைக்கூடக் கொடுக்க மறுப்பவர்களைக் கண்டித்து 'அல்மாஊன்' என்ற பெயரிலேயே ஒரு சூரா இறங்கியிருக்கிறது. நாம் தொழுகையில் அடிக்கடி ஓதும் சூராதான் அது. வஸ்ஸலாம்.