எண்ணெய்க் கசிவு

1984-இல் வெளிவந்து 2019-இல் உற்பத்தி நின்ற மாருதி ஆம்னி வேன் இன்றும் பல குடும்பங்களைச் சுமந்து செல்கின்றது. அதன் என்ஜின் முன்னாசனத்தின் கீழ் மறைந்திருத்தலின், எண்ணெய்க் கசிவு தரையிற் கறை கண்ட பின்னரே புலனாகும். கண்டோர் பலரும் குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்பி அமைகின்றனர். இது சிக்கனமன்று என்பதே எமது துணிபு. வால்வு மூடியினின்று வழியும் எண்ணெய் சூடேறிய புகைக்குழாயில் வீழின் புகையும், தீயும் பற்றலாம். அவ்வாசனத்திலன்றோ தந்தையும் தாயும் அமர்ந்துள்ளனர்!

ஆயினும், கசிவென்றவுடன் சீல்கள் அனைத்தையும் மாற்றுவிக்கும் பட்டறையாரையும் யாம் ஒப்புகிலேம். முதற்கண் என்ஜினைத் துடைத்து ஓடவிட்டு, ஈரம் தோன்றும் மிக உயர்ந்த இடத்தை நோக்குக. எண்ணெய் கீழ்நோக்கியே வழியுமாதலின் ஊற்று பெரும்பாலும் அங்கேயாம். பிரீதர் குழாய் அடைபட்டிருப்பின் கிராங்க் அறையில் அழுத்தம் மிகுந்து, புதிய சீலும் கசியும். ஆதலின் அக்குழாயை முன்னர்த் துப்புரவு செய்து, கேஸ்கட்டைப் பின்னர் மாற்றுதலே தகும்.